பழைய கணிப்பொறிக்கும் மராமத்து உண்டு

(ராயப்பேட்டையில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

வயல் வேலையை ஒருநாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஊரிலிருந்து பேருந்து பிடித்து, மணிக்கூண்டருகே இறங்கி வழி கேட்டு வந்திருக்கிறீர்கள். அவ்வாறு வந்தவர்களைப் பயனற்ற பேச்சைக் கேட்கச் செய்வது முறையன்று. ஆகவே, எங்களைப் பற்றிய அறிமுகத்தைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறோம். நாங்கள் நான்கு பேர். இதே ராயப்பேட்டையில் ஒரு சந்தினுள், மாடிப்படியின் கீழ் அமைந்த அறையொன்றில், பழைய கணிப்பொறிகளைச் சீர்செய்து வருகிறோம். ரிச்சி தெருவில் உதிரி உறுப்புகள் வாங்குவோம். அழைத்தால் வெளியூர் அலுவலகங்களுக்கும் சென்று வருவோம். பெரிய அறிஞர்கள் அல்லோம். கையால் செய்து கற்றவற்றையும், செய்து கெடுத்தவற்றையும் மட்டுமே இங்கே சொல்லப் போகிறோம்.

நாங்கள் எந்த ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்றாலும் அங்கே ஒரு மூலையில் பழைய கணிப்பொறி ஒன்று இருக்கக் காண்கிறோம். மேலே பிளாஸ்டிக் உறை, உறையின்மேல் தூசி. கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் அப்படியே, பள்ளியிலும் அப்படியே. "இதற்கு அப்டேட் போடுகிறீர்களா?" என்று கேட்டால், "இதற்குத்தான் இன்டர்நெட்டே இல்லையே, ஐயா! வைரஸ் எங்கிருந்து வரும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். கேட்பவர் அறியாதவர் அல்லர். பத்தாண்டு அனுபவமுள்ள ஊராட்சிச் செயலர். இந்த ஒரு நம்பிக்கையால் விளைந்த கேடுகளைப் பார்த்த பிறகுதான், இதுபற்றி நாலு பேரிடம் பேசியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஏரிக்கரையை நீங்கள் அறிவீர்கள். கரையைக் கட்டிய கொத்தன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும், நாளடைவில் நண்டு வளை விழும். எலி வளை விழும். ஆலங்கன்று வேர் விட்டுக் கரையைப் பிளக்கும். ஆகவேதான் நம் முன்னோர் குடிமராமத்து என்று ஒரு முறையை வைத்தனர். கணிப்பொறியின் இயங்கு தளமும் அத்தகைய கரையே. விண்டோஸ் என்றும் லினக்ஸ் என்றும் சொல்லப்படுவன பல கோடி வரிகளால் ஆன எழுத்துக் கட்டடங்கள். அவற்றை எழுதியவர் கண்ணுக்குத் தப்பிய வளைகள் ஆண்டுதோறும் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அடைப்பதற்காக அனுப்பப்படும் மண்தான் பேட்ச் அல்லது அப்டேட் என்பது. தமிழில் திருத்தம் என்போம்.

ஆனால் ஏரிக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதை மறக்கலாகாது. ஏரிக்கரையில் ஓரிடத்தில் வளையை அடைத்தால், அச்செய்தி அடுத்த ஊர் எலிக்குத் தெரியாது. இங்கேயோ, திருத்தம் வெளியான அன்றே, "இந்த இடத்தில்தான் ஓட்டை இருந்தது" என்பது உலகிலுள்ள திருடர் அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தே ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனவே, திருத்தம் வெளியாகியும் அதை இடாத கணிப்பொறி முன்னிருந்த நிலையைவிட மோசமான நிலைக்கு வந்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டில் நடந்ததைப் பாருங்கள். மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. ஒரு கணிப்பொறியிலுள்ள கோப்புகளை அடுத்த கணிப்பொறி எடுத்துப் பார்க்க உதவும் பகுதியில் இருந்த ஓட்டைக்கான திருத்தம் அது. சரியாக 59 நாள் கழித்து, மே 12ஆம் நாள், அந்த ஓட்டை வழியாகவே வான்னாகிரை என்னும் கொடிய நிரல் உலகெங்கும் பரவிற்று. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் தரவேண்டும் என்று திரையில் எழுதிக் காட்டிற்று. இங்கிலாந்தில் அரசு மருத்துவ அமைப்புகள் 236இல் 81 அமைப்புகளேனும் நிலைகுலைந்தன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திருத்தத்தை இடுங்கள் என்று மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவற்றுக்கு எச்சரிக்கை சென்றிருந்தது என்பதைத் தணிக்கையாளர் பின்னர் எழுதினர்.

இங்கிலாந்து நமக்குத் தொலைவு. பக்கத்துக் கேரளத்திற்கு வருவோம். அதே வாரத்தில் வயநாடு மாவட்டத் தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணிப்பொறிகள் பூட்டப்பட்டன. பத்தனம்திட்டை மாவட்டம் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் அதே கதி. காலையில் வந்து கணிப்பொறியைத் திறந்த ஊழியர் கண்டது பணம் கேட்கும் அறிவிப்பை! உலகப் பெருநகரங்களைத் தாக்கிய நிரல், மலைச்சாரலில் உள்ள ஓர் ஊராட்சியையும் விட்டுவைக்கவில்லை. "நம்மிடம் என்ன இருக்கிறது, திருடன் வர?" என்று சொல்லும் அன்பர்களுக்காகவே இவ்விரு ஊர்ப் பெயர்களையும் கூறினோம். அந்த நிரல் யாரையும் தேர்ந்தெடுத்துத் தாக்கவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தது; திறந்திருந்த வீட்டிற்குள் புகுந்தது; அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. எல்லாரும் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் மிகப் பழைய தளத்தின்மீதே பழி போட்டார்கள். ஆனால் காஸ்பர்ஸ்கை நிறுவனம் கணக்கெடுத்தபோது, பாதிக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 98 விண்டோஸ் 7 கணிப்பொறிகளாக இருந்தன. அன்றைக்கு விண்டோஸ் 7க்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. முதுமை மட்டுமே குற்றமன்று என்பது இதனால் புலனாகிறது. மராமத்து இன்மையே பெருங்குற்றம்.

இனி, வலைத் தொடர்பே இல்லாத கணிப்பொறிக்கு வருவோம். அதற்குக் கேடு எவ்வழியே வருகிறது? கைவழியே வருகிறது. நம் சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவ் வழியே வருகிறது. 2008ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு, வலை வழியாகவும் பென் டிரைவ் வழியாகவும் இலட்சக்கணக்கான கணிப்பொறிகளில் புகுந்தது. அதற்கும் திருத்தம் அக்டோபர் 23ஆம் நாளே வந்துவிட்டிருந்தது! 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்பதோ, வெளி வலையோடு தொடர்பற்றதாகக் கட்டிக் காத்து வந்த ஈரான் நாட்டு நத்தான்சு அணுக் கூடத்தினுள்ளேயே பென் டிரைவில் ஏறிப் போயிற்று. அணுக் கூடத்தின் காவலைத் தாண்டிய ஒன்று, நம் ஊராட்சிச் செயலரின் மேசையைத் தாண்டாதா?

பிரித்து வைப்பதால் பயனே இல்லை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த ஒரு கணிப்பொறியில் தீய நிரல் புகுந்ததாக அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் நாள் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலை தனியே பிரிக்கப்பட்டிருந்தமையால் அதற்குத் தீங்கு நேரவில்லை என்றும் கூறிற்று. ஆக, வேலி நல்லதே. வேலி இருக்கிறது என்பதற்காகக் கரையைப் பாராமல் விடுவதுதான் தவறு.

எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊர் உண்டு. பெயரும் வேண்டா, மாவட்டமும் வேண்டா. அங்கே 2019ஆம் ஆண்டுக் கோடையில், யாரோ வெளியே பிரௌசிங் சென்டரில் அச்செடுப்பதற்காகக் கொண்டுபோன பென் டிரைவைத் திரும்பக் கொணர்ந்து அலுவலகக் கணிப்பொறியில் செருகினார்கள். மறுநாள் தீர்மான நகல்கள், குடிநீர் இணைப்பு வைப்புத் தொகைப் பட்டியல், மனைப் பிரிவு வரைபடங்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன. வேறு பிரதி இல்லை. பழைய காகிதங்களைத் தேடியெடுத்து, மகளிர் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இரண்டு மாதம் உட்கார்ந்து மீண்டும் தட்டச்சுச் செய்தனர். காகிதம் கிடைக்காத இடங்கள் காலியாகவே நின்றன. அவ்வூரில் தனியே வாழும் மூதாட்டி ஒருவர் வைப்புத் தொகை கட்டியதற்குப் பட்டியலில் சான்று இல்லாமல் போயிற்று. "நான் கட்டினேன், சாமி" என்று அவர் சொன்னதை எவரும் மறுக்கவில்லை; ஆனால் ஏட்டில் இல்லாததை எப்படி எழுதுவது? கடைசியில் அவருடைய டிரங்குப் பெட்டியில், புடவைக்கு அடியில், ரசீது அகப்பட்டது. ரசீதைத் தொலைத்தவர்கள் எத்தனை பேரோ!

எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். தொடக்க காலத்தில் நாங்கள் திருத்தங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வோம். முதல் ஊரில் இருந்த வைரஸ் அதில் தொற்றிற்று. நாங்கள் கவனிக்கவில்லை. மூன்றாவது ஊரில் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறி நின்றபோதுதான் விழித்துக்கொண்டோம். மருந்து கொண்டுபோன கையாலேயே நோயைப் பரப்பியிருந்தோம். அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: திருத்தம் கொண்டு போவது, ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி தகட்டில். எழுதி முடித்த தகட்டில் வேறொன்றும் ஏற முடியாது. ஆகவே போகும் வழி உண்டு, திரும்பும் வழி இல்லை. கணிப்பொறியில் தகட்டுப் பெட்டி இல்லையெனில், எழுதுவதைத் தடுக்கும் சிறு விசை உள்ள பென் டிரைவைப் பயன்படுத்துகிறோம். அதுவும் இல்லையெனில், ஓர் ஊருக்கு ஒன்று; ஊர் திரும்பியதும் முழுவதும் அழித்து மீண்டும் எழுதுகிறோம்.

செய்முறையை இனிச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் கணிப்பொறியின் சாதி எதுவென்று அறியவேண்டும். 'கம்ப்யூட்டர்' என்னும் சின்னத்தின்மீது வலப் பொத்தானை அழுத்திப் 'பிராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால், எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, எந்தச் சர்வீஸ் பேக் என்பன தெரியும். இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கணிப்பொறியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். 32க்கு உரிய திருத்தம் 64க்கு ஆகாது. இதை எழுதி வராததால் ஒரு பயணம் முழுதும் வீணானது எங்களுக்குப் பலமுறை நேர்ந்திருக்கிறது.

அடுத்து, வலைத் தொடர்பும் நல்ல நிலையும் உள்ள வேறொரு கணிப்பொறியிலிருந்து திருத்தங்களை இறக்கவேண்டும். எங்கிருந்து? தயாரித்த நிறுவனத்தின் இடத்திலிருந்து மட்டுமே. மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் என்னும் பெயரில் அந்நிறுவனமே ஒரு களஞ்சியம் வைத்திருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் உரிய கோப்பு கிடைக்கும், காசு இல்லை. "இலவச அப்டேட்" என்று கூவும் மற்ற இடங்களை நாடாதீர்கள். விதை வாங்கும்போது சான்றட்டை பார்க்கிறீர்கள் அல்லவா? அதுபோலவே இதுவும்.

ஒவ்வொன்றாகத் தேடி இறக்குவது சலிப்பு. அதற்கும் வழி உண்டு. ஜெர்மனியில் வெளிவரும் 'சி-டி' என்னும் கணிப்பொறி இதழின் வாயிலாக அறிமுகமாகி, பின்னர் டபிள்யூசஸ் ஆஃப்லைன் அப்டேட் என்று பெயர் பெற்ற ஒரு கருவி இருக்கிறது. எந்தத் தளம் என்று குறித்துவிட்டால், தேவையான திருத்தங்களை மைக்ரோசாப்டின் இடத்திலிருந்தே இறக்கி, தகட்டில் எழுதுவதற்கு ஏற்றவாறு அடுக்கிக் கொடுக்கும். கிராமத்துக் கணிப்பொறியில் அதை ஓட்டினால், எவை ஏற்கெனவே உள்ளன, எவை இல்லை என்று பார்த்து, இல்லாதவற்றை மட்டும் வரிசைப்படி இடும்.

வரிசைப்படி என்று சொன்னோம். அதுதான் பலரும் இடறும் இடம். விண்டோஸ் 7ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் 2011இல் வந்த சர்வீஸ் பேக் 1 இருக்கவேண்டும். அதன்பின் 4490628, 4474419 என்னும் எண்கள் கொண்ட இரண்டு திருத்தங்கள் இருக்கவேண்டும். ஏனெனில், மைக்ரோசாப்ட் தன் திருத்தங்களின்மீது இடும் டிஜிட்டல் முத்திரையின் முறையை 2019ஆம் ஆண்டில் மாற்றிவிட்டது. புதிய முத்திரையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பவையே இவ்விரண்டும். இவற்றை இடாமல், 2019 ஆகஸ்டுக்குப் பிந்திய எந்தத் தொகுப்பை இட்டாலும் பழைய கணிப்பொறி அதை ஏற்காது. ஏதோ பிழை எண் காட்டி நிற்கும். "கணிப்பொறி கெட்டுவிட்டது" என்று எண்ணிக் கைவிட்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கெடவில்லை, புதிய எழுத்து அதற்குப் புரியவில்லை. இவ்விரண்டையும் இட்டபின் 2020 ஜனவரி மாதத் தொகுப்பை இடலாம். விண்டோஸ் 7க்குப் பொதுமக்கள் காசின்றிப் பெற்ற கடைசித் தொகுப்பு அதுவே. விண்டோஸ் 10இல் இத்துணைத் தொல்லை இல்லை. மாதந்தோறும் வரும் தொகுப்பில் முந்திய மாதங்களின் திருத்தங்களும் அடங்கியிருக்கும். கடைசியாக வந்ததை இட்டால் பெரும்பாலும் போதும்.

இறக்கிய கோப்பு வழியில் கெடவில்லை, எவரும் மாற்றவில்லை என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை உண்டு. ஷா-256 என்பது அதன் பெயர். 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட வரி அது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அவ்வரி முழுதும் மாறிவிடும். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் என்னும் கட்டளை அதைக் கணக்கிட்டுச் சொல்லும். ராயப்பேட்டையில் கணக்கிட்டதை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்கிறோம். ஊரில் மீண்டும் கணக்கிட்டு, முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டு எழுத்தையும் ஒப்பிடுகிறோம். எளிய வேலை; ஐந்து நிமிடம் ஆகும்.

எப்போது செய்வது என்று கேட்பீர்கள். மைக்ரோசாப்ட் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை வெளியிடும் வழக்கத்தை மேற்கொண்டுள்ளது. நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வாரமே ஓட வேண்டுவதில்லை. சில சமயம் திருத்தமே தவறாகி, மறுதிருத்தம் வருவதுண்டு. மூன்றாம் வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு கணிப்பொறியில் இட்டுப் பாருங்கள். அச்சுப்பொறி ஓடுகிறதா, தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று பார்த்தபின் மற்றவற்றில் இடுங்கள்.

தமிழ் எழுத்து என்றதும் ஒரு பெரிய சங்கடம் நினைவுக்கு வருகிறது. பழைய கணிப்பொறியை ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பாதி அலுவலகங்களில் கிடைக்கும் விடை, "வானவில் அதில்தான் இருக்கிறது" என்பதே. பல்லாண்டு கால ஆவணங்கள் வானவில் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. வேறு கணிப்பொறியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரிகின்றன. 2010ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையையும் டேஸ்-16 முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. எனினும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடா. எழுத்துருவை மாற்றித் தரும் நிரல்கள் உள்ளன. அவற்றைக் கொண்டு ஆண்டுவாரியாக மாற்றி வைத்துவிட்டால், கணிப்பொறிக்கு அடிமையாய் இருக்கும் நிலை ஒழியும். எங்கள் கருத்தில், திருத்தம் இடுவதைவிடவும் இந்த வேலை அவசரமானது.

இங்கே நம் மாநில வரலாற்றில் ஓர் ஏடு உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு திருத்தங்கள் நின்றன. அவ்வேளையில், அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸ் என்னும் தளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்திற்று. பாஸ் என்பது வெளிநாட்டுச் சரக்கன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007இல் வெளியானது. டெபியன் என்னும் கட்டற்ற தளத்தின்மேல் கட்டப்பட்டது. 2011 முதல் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் தளமும் இருந்தது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

அந்த அறிவுரை எல்லா அலுவலகங்களிலும் வேரூன்றவில்லை. அதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. வானவில்லும், விண்டோஸில் மட்டுமே ஓடும் அச்சுப்பொறிகளும், பழகிய கையும் தடுத்தன. எங்களுக்கு அதில் வருத்தமே தவிர ஒருவரையும் குறைகூற மனமில்லை.

லினக்ஸ் தளத்திற்கு வலையில்லாமல் திருத்தம் இடும் முறை, எங்கள் அனுபவத்தில், விண்டோஸைவிட நேர்த்தியானது. ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி. அதை எழுதியவர் ரித்தேஷ் ராஜ் சராஃப் என்னும் இந்தியர். கிராமத்துக் கணிப்பொறியில் அதை ஓட்டினால், தனக்கு இன்னின்ன வேண்டும் என்று அதுவே ஒரு சிறு ஜாபிதா எழுதித் தரும். அந்த ஜாபிதாவை நகரத்திற்குக் கொண்டு வந்து வலையுள்ள கணிப்பொறியில் கொடுத்தால், வேண்டியவற்றை மட்டும் இறக்கி ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். மூட்டையை ஊரில் பிரித்தால் முத்திரைகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும். மளிகைக்கடைச் சீட்டைப் போலத்தான். ஆனால் 32 பிட் கணிப்பொறி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, அவ்வகைப் பொறியில் புதிதாக நிறுவுவதற்கு வழி தரவில்லை. அவர்களுக்கு டெபியன் 12தான் எல்லை. அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு.

சரி, திருத்தமே வராத தளத்தை என்ன செய்வது? எக்ஸ்பிக்கு 2014க்குப் பின் வான்னாகிரையின்போது ஒன்றும், 2019 மே மாதத்தில் ஒன்றுமாக, நிலைமை முற்றிய வேளைகளில் திருத்தம் வந்ததுண்டு. அதை நம்பியிருக்கலாகாது. அத்தகைய கணிப்பொறியில் பழைய ஆவணத்தைத் திறக்கும் வேலை ஒன்றை மட்டும் செய்யுங்கள். வலைக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வந்த திருத்தங்களை எல்லாம் ஒருமுறை இட்டு முடியுங்கள். கோப்புப் பகிர்வின் பழைய முறையான எஸ்எம்பி முதற் பதிப்பை அணைத்துவிடுங்கள். உள்ளே போகும் தகட்டை ஒரு நல்ல கணிப்பொறியில் சோதித்த பின்பே செருகுங்கள். பணம் சம்பந்தப்பட்ட வேலை எதையும் அதில் செய்யாதீர்கள்.

இப்போது அனைவர் வீட்டு வாசலிலும் நிற்கும் சிக்கல் விண்டோஸ் 10 பற்றியது. 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு அதன் வழக்கமான திருத்தங்கள் முடிந்துவிட்டன. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த தனியார்க்கு 2026 அக்டோபர் 13 வரை வரும். அலுவலகங்கள் பணம் செலுத்தினால் மூன்றாண்டு வரை பெறலாம். விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் வாங்கியவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தகுதியற்றவையாகிவிடுகின்றன. புதிது வாங்க நிதி உள்ள ஊராட்சி வாங்கட்டும். இல்லாத ஊராட்சி, எந்தக் கணிப்பொறிக்கு நீட்டிப்பு, எதற்கு லினக்ஸ், எதைப் பிரித்து வைப்பது என்று ஒரு தாளில் எழுதி, மன்றக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றிவிடலாம். தீர்மானம் இல்லாமல் செயலர் ஒருவர் தலையில் இதைச் சுமத்துவது நியாயமன்று.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக் கடனும் பயிர்க் கடனும் வைத்திருக்கும் உழவர்களுக்கும் ஒரு சொல். 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை செய்யும் சி-எட்ஜ் நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, கேடு பரவாமல் இருக்கத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் அதன் தொடர்பைத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் நின்றனர். அடுத்த நாளே சரியாகிவிட்டது. ஆயினும், விதை நெல்லுக்குப் பணம் அனுப்ப நின்றவருக்கு அந்த ஒரு நாள் சிறிதன்று. பேரவைக் கூட்டத்தில் இலாபப் பங்கு பற்றிக் கேட்கிறீர்கள். கணக்கின் நகல் எங்கே இருக்கிறது என்றும் ஒரு கேள்வி கேளுங்கள்.

நகல் என்றது, கணிப்பொறிக்கு வெளியே, கம்பி பிடுங்கப்பட்டு, பீரோவில் பூட்டி வைக்கப்பட்ட நகலை. எப்போதும் செருகியே கிடக்கும் வட்டு நகலாகாது. வீட்டோடு சாவியும் போனது போல அதுவும் பூட்டப்பட்டுவிடும். எடுத்த நகல் திறக்கிறதா என்றும் சோதிக்கவேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொன்றுக்கும் முந்திய வாரத்தில் நகலிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து அச்சிட்டுப் பாருங்கள். தனி நாள் தேட வேண்டுவதில்லை.

தாக்குதல் நேர்ந்துவிட்டால் மறைக்காதீர்கள். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு இட்ட ஆணைப்படி, அரசு அமைப்புகள் செய்தி தெரிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்கவேண்டும். வலைக் கம்பியை உடனே பிடுங்குங்கள். மற்ற கணிப்பொறிகளை அணையுங்கள். வட்டாட்சியரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ சொல்லுங்கள். கேட்ட பணத்தைக் கொடுக்காதீர்கள். கொடுத்தும் சாவி பெறாதவர்கள் உண்டு.

சற்று முன் ஓர் அம்மையார் எழுந்து, "எங்கள் ஊருக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டது, இனி இந்தத் தகடு, மூட்டை எல்லாம் எதற்கு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கம்பி நன்றாக ஓடும் இடத்தில், ஆதரவு உள்ள தளத்திற்கு, நேரே திருத்தம் இறங்கட்டும். நாங்கள் வர வேண்டுவதில்லை. ஆனால் பல ஆண்டுகள் திருத்தம் காணாத கணிப்பொறியைக் கம்பி வந்த அன்றே வலையில் மாட்டிவிடாதீர்கள். அது திருத்தத்தைத் தேடி இறக்கி முடிப்பதற்குள் வேறு யாரேனும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். முதலில் தகட்டிலிருந்து திருத்தங்களை இட்டு, பிறகு கம்பியை மாட்டுங்கள். அம்மா, உங்கள் ஊர்க் கணிப்பொறி விண்டோஸ் 7 என்றீர்கள். அதை மாட்டவே வேண்டா.

விண்டோஸ் 7, விண்டோஸ் 10, டெபியன் 12 ஆகியவற்றுக்கான தகடுகள் மேடையின் இடப்புற மேசையில் உள்ளன. கைரேகைத் தாள் ஒவ்வொரு உறையினுள்ளும் இருக்கிறது. 32 பிட்டா 64 பிட்டா என்று பார்த்து வராதவர்கள் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பயன்படாததை அடுத்த ஊராட்சிக்குக் கொடுத்துவிடலாம்.